காலுக்கு இரண்டு லட்சம், பதக்கத்துக்கு இரண்டு கோடி

சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை நம் வாசகர்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பஞ்சாலை வாசல் டீக்கடை பெஞ்சிலும், தோட்டத்தில் களை வெட்டும் பெண்களின் பேச்சிலும் அடிபட்ட பெயர் அது. 2016 செப்டம்பரில் பிரேசில் நாட்டு ரியோ நகரில், ஊனமுற்றோருக்கான பாராலிம்பிக் பந்தயத்தில், உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். கொரோனாவால் ஓராண்டு தள்ளி 2021ல் டோக்கியோவில் நடந்த பந்தயத்தில் வெள்ளி. 2024ல் பாரிசில் வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம். அதுவரை இந்தியர் யாரும் செய்திராத காரியம் இது.

இந்தக் கதையை முதலாளிப் பத்திரிகைகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. ஏழையாய்ப் பிறந்தாலும் முயன்றால் முன்னேறலாம், ஊனம் ஒரு தடையல்ல என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டார்கள். கல்லூரி ஆண்டு விழாக்களில் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுக்கு இது நல்ல சரக்கு. மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கும் முதலாளி, மறுநாள் ஆலையில் கூலி உயர்வு கேட்டு வருகிறவர்களிடமும் இதையேதான் சொல்வார்: அந்தப் பையனுக்கு ஒரு கால் சரியில்லை, அவன் யாரிடமாவது போய் நின்றானா, நீங்கள் ஏன் நிற்கிறீர்கள் என்பார்.

மாரியப்பனைப் பற்றி நமக்குள்ள பெருமை யாருடைய பெருமைக்கும் குறைந்ததல்ல. அவர் நம் வீட்டுப் பிள்ளை. செங்கல் சுமந்த ஒரு தாயின் மகன். ஆனால் இந்தக் கதையை நாம் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துப் படிக்க விரும்புகிறோம். யார், எப்போது, எவ்வளவு செலவழித்தார்கள்? யார், எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள்? வரவும் செலவும் எந்தத் தேதியில் பதிவாகியிருக்கின்றன என்று பார்த்தால்தான் கதை முழுசாக விளங்கும்.

மாரியப்பன் 1995ல் பிறந்தவர். கூடப்பிறந்தவர்களோடு சேர்த்து வீட்டில் ஆறு பிள்ளைகள். தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் சரோஜா செங்கல் சுமந்தார். பிறகு காய்கறி விற்றார். நாளொன்றுக்குக் கிடைத்தது சுமார் 100 ரூபாய். பையனுக்கு ஐந்து வயதானபோது, பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் வழியில் ஒரு பஸ் ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. பஸ்ஸை ஓட்டி வந்தவர் குடித்திருந்தார் என்று மாரியப்பனே பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். ஓட்டுநரும் தொழிலாளிதான். ஆனால் குடித்துவிட்டு வண்டியில் ஏறும் தொழிலாளிக்கு நாம் வக்காலத்து வாங்க முடியாது.

சிகிச்சைக்காகக் குடும்பம் 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கியது. 100 ரூபாய் வருமானத்தில் 3 லட்சம் என்றால் என்ன? ஒரு வேளை கூடச் சாப்பிடாமல், ஒரு சேலை கூட வாங்காமல், ஆறு பிள்ளைகளுக்கும் ஒன்றும் கொடுக்காமல், 3,000 நாள் சம்பாத்தியத்தை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். எட்டு வருஷத்துக்கும் மேலாகும். வட்டியைச் சேர்க்காத கணக்கு இது. கந்துவட்டிக்காரன் வாசலில் நின்ற அனுபவமுள்ள வாசகர்கள் அதையும் கூட்டிக்கொள்ளலாம். 2016ல் மகன் ரியோவில் தங்கம் வென்ற அன்றுகூட அந்தக் கடன் தீர்ந்திருக்கவில்லை.

விபத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் கிடைத்தது 2 லட்சம், அதில் ஒரு லட்சம் வழக்குச் செலவுக்கே போயிற்று என்று தாயார் சொன்னதைப் பத்திரிகைகள் வெளியிட்டன. ரியோ தங்கத்துக்குத் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்த பரிசு 2 கோடி. காலுக்குக் கிடைத்ததைப்போல் நூறு மடங்கு! அந்த 2 கோடியைக் கொடுத்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. நன்றாகக் கொடுக்கட்டும். 2021 வெள்ளிக்கு 2 கோடி, 2024 வெண்கலத்துக்கு ஒரு கோடி கொடுத்ததும் சரியே. நாம் கேட்பது அந்த 2 லட்சத்தைப் பற்றி. ஐந்து வயதுக் குழந்தையின் கால் எப்படி அவ்வளவு மலிவாகப் போயிற்று?

ஜட்ஜின் மனம் கல் என்பதால் அல்ல. கணக்குப் போடும் முறையே அப்படி. விபத்தில் அடிபட்டவரின் வருமானம் என்ன, அதில் எத்தனை பங்கு போயிற்று, இன்னும் எத்தனை வருஷம் சம்பாதித்திருப்பார் என்று பெருக்கிப் பார்த்துத்தான் நஷ்டஈடு. மானேஜருக்கும் கால் ஒன்றுதான், கூலிக்காரனுக்கும் கால் ஒன்றுதான். ஆனால் பெருக்கலில் இருவர் காலும் ஒரே விலைக்குப் போகாது. சரி, சம்பாதிக்காத குழந்தைக்கு? மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994ல் சேர்த்த அட்டவணை, வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று ஒரு கற்பனை வருமானத்தை வைத்தது. நாளுக்கு 41 ரூபாய். விலைவாசி எங்கேயோ போயிற்று. அந்த 15,000 வருஷக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றது. பணக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் அட்டவணை அதே 15,000 தானே என்று யாராவது சொல்லலாம். வாஸ்தவம். ஆனால் அந்த வீடு நஷ்டஈட்டை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

2013ல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்தக் கொடுமையைக் கொஞ்சம் திருத்தியது. குழந்தைக்கு நிரந்தர ஊனம் ஏற்பட்டால், சிகிச்சைச் செலவு போக, ஊனத்தின் சதவீதத்தை வைத்து 3 லட்சம், 4 லட்சம், 5 லட்சம், 6 லட்சம் என்று படி வைத்துக் கொடுக்கலாம் என்றது. முன்னேற்றம்தான். ஆனால் மாரியப்பனின் கால் நசுங்கிப் பதின்மூன்று வருஷம் கழித்து வந்த முன்னேற்றம். தீர்ப்பு வந்த பிறகும் பணம் கைக்கு வருவது தனிப் போராட்டம். போக்குவரத்துக் கழகம் நஷ்டஈட்டைக் கட்டவில்லை என்று, பிரயாணிகளை இறக்கிவிட்டுக் கோர்ட் அமீனா பஸ்ஸை ஜப்தி செய்து ஓட்டிப் போகும் காட்சியை நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் பலர் பார்த்திருப்பார்கள்.

இப்போது விளையாட்டுக்கு வருவோம்.

பள்ளியில் மாரியப்பனுக்கு முதலில் பிடித்தது வாலிபால். அவர் எகிறுவதைக் கவனித்த உடற்பயிற்சி ஆசிரியர், உயரம் தாண்டிப் பார் என்றார். இந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு வாழ்க்கையும் திரும்பியது. பதினான்கு வயதில், இரண்டு காலும் நன்றாக இருந்த பையன்களோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார். அன்று அவருக்கு எந்தச் சலுகையும் இல்லை, தனிப் பிரிவும் இல்லை. குறுக்குக் கம்பி எல்லோருக்கும் ஒரே உயரத்தில்தான் இருந்தது.

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே! 2012 முதல் 2015 வரை வீட்டுக்கு உதவுவதற்காக விடியற்காலையில் பேப்பர் போட்டார். பகலில் கட்டிட வேலைக்குக் கூலியாகப் போனார். அந்த நடுவிலேதான் 2013ல் தேசியப் போட்டியில் பெங்களூர் பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரைக் கவனித்தார். சேலத்தில் பட்டப்படிப்பு முடித்த பிறகு 2015ல் பெங்களூர் போய் முறைப்படி பயிற்சி பெற்றார். 2016 மார்ச்சில் துனீசியாவில் 1.78 மீட்டர் தாண்டி ரியோவுக்குத் தகுதி பெற்றார்.

கூலி வேலை செய்த உடம்போடு, முறையான பயிற்சி தொடங்கி ஓராண்டு சுமாரில் உலகப் பந்தயம்! ரியோவில் அவர் தாண்டியது 1.89 மீட்டர். ஆறடி இரண்டு அங்குலம். நம் லைன் வீடுகளில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து நுழைகிறோமே, அந்த நிலைப்படியைவிட உயரம். அமெரிக்காவின் சாம் க்ரூ 1.86 தாண்டி வெள்ளி வென்றார், அதே 1.86ல் நம் நாட்டு வருண் சிங் பாட்டிக்கு வெண்கலம். பாராலிம்பிக்கில் அதற்கு முன் தங்கம் வாங்கிய இந்தியர் இரண்டே பேர். ஒருவர் 1965 யுத்தத்தில் குண்டடி பட்டு, 1972ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் வென்ற முரளிகாந்த் பேட்கர். அவருக்குப் பத்மஸ்ரீ கொடுக்க சர்க்காருக்கு 2018 வரை ஞாபகம் வரவில்லை. மற்றவர் 2004ல் ஈட்டி எறிந்து வென்ற தேவேந்திர ஜஜாரியா. மாரியப்பன் மூன்றாமவர்.

அதற்குப் பிறகு 2017ல் பத்மஸ்ரீ, அர்ஜுனா விருது; 2020ல் கேல் ரத்னா. இடையில் சறுக்கலும் உண்டு. 2018 ஜகார்த்தா ஆசியப் பந்தயத்தில் வெண்கலம், 2019 துபாய் உலகப் போட்டியில் வெண்கலம். டோக்கியோவில் அவர்தான் நம் நாட்டுக் கொடியை ஏந்திப் போயிருக்க வேண்டும். விமானத்தில் கூட வந்த ஒருவருக்குக் கொரோனா இருந்ததால் தனிமையில் வைக்கப்பட்டார். கொடி வேறு கைக்குப் போயிற்று. பந்தயத்தன்று மழை. ஊனமான காலில் போட்டிருந்த காலுறை நனைந்து ஒட்டிக்கொண்டது, தாண்டுவது சிரமமாகிவிட்டது, இல்லையென்றால் 1.90 தாண்டியிருப்பேன் என்றார். 1.86 தாண்டி வெள்ளி. க்ரூ 1.88 தாண்டித் தங்கம் எடுத்தார். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம். செப்டம்பரில் பாரிசில் 1.85, வெண்கலம். இருபத்தொன்பது வயதில், எட்டாண்டு இடைவெளியில், நான்கு சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கிறது. உடம்பை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு கால் ஊனமானவர் உலகச் சாம்பியன் ஆவது இது முதல் தடவையல்ல. ஹங்கேரி நாட்டில், நமக்கு முந்தின தலைமுறையில், ஒலிவேர் ஹலாஷி என்று ஒருவர் இருந்தார். 1909ல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது டிராம் வண்டியில் அடிபட்டு இடது காலின் கீழ்ப்பகுதியை இழந்தார். அவர் ஆடிய ஆட்டம் வாட்டர் போலோ: தண்ணீரில் நீந்திக்கொண்டே பந்தை வீசி, எதிர்க்கட்சி வலைக்குள் போடுவது. ஒரு கட்சிக்கு ஏழு பேர். அடியில் கால் ஊன்றி நிற்கக் கூடாது. முழு நேரமும் கால்களால் தண்ணீரை உதைத்து உடம்பை மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும். நம் பக்கத்து ஆழக் கிணறுகளில் குதித்து நீந்தியவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். கால்தான் அந்த ஆட்டத்துக்கு ஆதாரம். அந்தக் காலில் ஒன்று இல்லாதவர் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் வெள்ளி, 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம், 1936 பெர்லினில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியில் ஆடினார். ஊனமுற்றோருக்கான தனி ஒலிம்பிக் அல்ல. அப்போது அப்படி ஒன்று கிடையாது. எல்லோரும் ஆடும் ஒலிம்பிக்தான். அது போதாதென்று 1931ல் 1,500 மீட்டர் நீச்சலில் ஐரோப்பியச் சாம்பியனாகவும் வந்தார். 1946ல், 37 வயதில் கொலையுண்டு மாண்டார்.

ஹலாஷி எப்படி அந்த இடத்துக்கு வந்தார்? மனவுறுதியால் என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர் சொல்வார். மனவுறுதி இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அவர் பிறந்து வளர்ந்த இடம் உய்பெஸ்ட். புடாபெஸ்டுக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருந்த ஆலைத் தொழிலாளர் நகரம். 1950ல் தலைநகரோடு சேர்ந்துவிட்டது. அந்த ஊருக்கு 1885லிருந்தே ஒரு விளையாட்டுக் கழகம் உண்டு. கால் போன பையன் கதவைத் தட்டியபோது கழகம் இருந்தது, அணி இருந்தது. தனியாக ஒரு மூலையில் உட்கார வைக்காமல் பொது அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஹலாஷி ஆடிய காலத்து ஹங்கேரி சோஷலிச நாடல்ல. ஹோர்தி என்ற பிற்போக்குச் சர்வாதிகாரியின் ஆட்சி. ஆகவே அந்த வெற்றிகளை நம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. 1952, 1956, 1964, 1976 தங்கங்கள் சோஷலிச ஆட்சிக் காலத்தவை. 2000, 2004, 2008 தங்கங்கள் அதற்குப் பிந்தியவை. மொத்தம் ஒன்பது ஒலிம்பிக் தங்கம். மூன்று விதமான ஆட்சிகளிலும் அந்த நாட்டில் குளங்கள் இருந்தன, கழகங்கள் இருந்தன, சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர ஆள் இருந்தது. அந்த நாட்டின் ஜனத்தொகை ஒரு கோடிக்கும் குறைவு. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் ஐந்து ஜில்லாக்களின் ஜனத்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 1 கோடியே 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஆட்டத்தில் இந்தியாவும் ஒரு காலத்தில் சாமானியமல்ல. 1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசியப் பந்தயத்தில் வாட்டர் போலோ தங்கம் இந்தியாவுக்குத்தான். நொய்யலில் சாயக்கழிவு ஓடி, 2011ல் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றிய நம் நாட்டில், தண்ணீர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதே வேடிக்கையாக இருக்கிறது. தரையில் ஆடவாவது இடம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

மாரியப்பனின் வாழ்க்கையைத் திருப்பியது ஓர் உடற்பயிற்சி ஆசிரியரின் கண். அந்தக் கண்ணுக்கு நம் சர்க்கார் என்ன விலை வைத்தது தெரியுமா? 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்பயிற்சிக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றது. அதையொட்டி 2012ல் தமிழ்நாட்டில் உடற்பயிற்சி, ஓவியம், தையல், கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பஞ்சாலையில் தற்காலிகத் தொழிலாளியாக இருப்பவர்கூட அந்தச் சம்பளத்தைக் கேட்டால் சிரிப்பார். நிரந்தரமாக்கு என்று அவர்கள் சென்னைக்குப் போய் உட்கார்ந்து போராடினார்கள், போலீஸ் வேனில் ஏற்றப்பட்டார்கள், திரும்பத் திரும்பப் போனார்கள். ஆண்டுகள் பல கழித்தும் பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தில்தான் சம்பளம் நின்றது. எந்தப் பையன் நன்றாக எகிறுகிறான் என்று கவனிக்க வேண்டியவர், மாலையில் எந்தக் கடையில் கணக்கெழுதப் போகலாம் என்று யோசிக்கிற நிலை.

ஆசிரியர் இருந்தாலும் திடல் வேண்டுமே. பரிசுப் பணத்திலிருந்து தாம் படித்த சர்க்கார் பள்ளிக்கு 30 லட்சம் ரூபாய் கொடுப்பதாக மாரியப்பன் 2016ல் சொன்னார் என்று சேதி வந்தது. அதே சேலம் ஜில்லாவில் சின்னப்பம்பட்டி. தறித் தொழிலாளியின் மகன் நடராஜன், டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிப் பழகி, 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இந்திய டெஸ்ட் அணியில் பந்து வீசினார். அவர் ஊரில் இன்று ஒரு நல்ல மைதானம் இருக்கிறது. கட்டியது பஞ்சாயத்தா? விளையாட்டுத் துறையா? நடராஜனே சொந்தப் பணத்தில் கட்டி 2023ல் திறந்தார். இவ்விருவரின் பெருந்தன்மையைக் கைகூப்பி வணங்குகிறோம். ஆனால் ஊருக்கு ஒரு சாம்பியன் தற்செயலாகப் பிறந்து, அவனே ஜெயித்து, அவனே பணம் சம்பாதித்து வந்து திடலும் பள்ளியும் கட்டித்தர வேண்டுமென்றால், வரி வாங்குகிற சர்க்கார் எதற்கு?

இன்னொரு விஷயம். 2021 நவம்பரில் கரூர் பக்கத்துச் சர்க்கார் காகித ஆலையில் துணை மேலாளர் வேலைக்கு முதலமைச்சர் மாரியப்பனுக்கு உத்தரவு கொடுத்தார். மகிழ்ச்சி. இரண்டு பாராலிம்பிக் பதக்கத்துக்குப் பிறகு கிடைத்த வேலை. 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், சர்க்கார் வேலைகளில் ஊனமுற்றோருக்கு இருந்த 3 சதவீத ஒதுக்கீட்டை 4 சதவீதமாக உயர்த்தியது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் ஆறடி தாண்டக்கூடியவர் எத்தனை பேர்? சட்டத்தில் 4 சதவீதம் என்றுதான் இருக்கிறது. தாண்டும் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஊனமுற்றோர் என்ற பெயரை மாற்றுத்திறனாளி என்று மாற்றினார்கள். அதை நாம் வரவேற்றோம். கலெக்டர் ஆபீசில் உதவித்தொகை மனுவோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் வரிசை மாறவில்லை.

அந்த வரிசையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கதிரடிக்கும் மெஷினில் கை கொடுத்தவர் இருப்பார். தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் இருப்பார். ஆலையில் விரல் போனவர் இருப்பார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை நம் ஆலைத் தொழிலாளிகளுக்கு மனப்பாடம்: கட்டைவிரல் போனால் 30 சதவீதம், சுட்டுவிரல் முழுக்கப் போனால் 14 சதவீதம். வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சட்டம். சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும் விரலுக்குச் சதவீதக் கணக்குதான். அதுவும் பெயர் மஸ்டர் ரோலில் இருந்தால். காண்டிராக்டர் கொண்டுவந்து இறக்கிய ஒடிசாக்காரப் பையனுக்கு விரல் போனால், அவனை இரவோடு இரவாக ரயிலேற்றிவிடும் ஆலைகளும் உண்டு.

ஆலை விடுதிகளில் அடைபட்டிருக்கும் இளம் பெண்களையும் மறந்துவிடக் கூடாது. திட்டத்துக்கு மங்கலமான பெயர் வைத்து, மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிக் கூட்டிவந்தார்களே, அந்தப் பெண்கள். பதினாறு, பதினேழு வயது. ஓடவும் தாண்டவும் வேண்டிய வயது. ஷிப்டில் ரிங் பிரேமுக்கு ரிங் பிரேம் அவர்கள் நடக்கும் தூரத்தை அளந்தால் அதுவே ஒரு நெடுந்தூர ஓட்டப் பந்தயம். அவர்களுக்குள்ளும் எத்தனை மாரியப்பன் இருக்கிறார்கள் என்று கவனிக்க எந்த உடற்பயிற்சி ஆசிரியர் அந்தக் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி உள்ளே போவார்?

பரிசு என்பது கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது. மந்திரி மேடையில் கொடுப்பார், போட்டோ எடுத்துக்கொள்வார். பஸ்ஸில் அடிபட்ட குழந்தைக்கு உடனே சிகிச்சையும், ஒரு வருஷத்துக்குள் முழு நஷ்டஈடும், அது வருமானக் கணக்கைப் பார்க்காமல் வாழ்க்கைக் கணக்கைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதும், கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள். உடற்பயிற்சி ஆசிரியருக்கு நிரந்தர வேலை, முழுச் சம்பளம் என்பதும் அப்படித்தான். இவற்றுக்குச் செலவாகும் பணம் எங்கே என்று கேட்பார்கள். மூன்று பதக்கத்துக்கு 5 கோடி கொடுக்க முடிந்த கஜானாவில் பணம் இல்லை என்று சொன்னால் நாம் நம்பத் தயாராக இல்லை.

மே முதல் தேதி கிராம சபை கூடும் நாள். அன்று காலையில் கொடியேற்றிவிட்டு, தோழர்கள் நேராகக் கிராம சபைக்குப் போக வேண்டும். ஊர்ப் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் என்று ரிக்கார்டில் இருக்கும் புல எண் என்ன, அந்த நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். பல ஊர்களில் அதில் யாரோ தென்னை வைத்திருப்பார்கள். வைத்தவரே முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவும் கூடும். உடற்பயிற்சி ஆசிரியர் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். ஊரில் ஊனமுற்ற பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் பள்ளிக்கு வருகிறவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். எழுதுவதற்கு முன்னால் போட வேண்டாம்.